நொச்சி எண்ணெயும் இடப்பக்கத் தட்டும்

போன மாதம் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்திருக்கும் ரேவதி பேசினாள். ஈக்களை எண்ண இப்போது கேமரா வைத்துவிட்டார்களாம். கூண்டுக்கு மேலே இருந்து அது பாட்டுக்குப் படம் பிடிக்கிறது. எந்தத் தட்டில் எத்தனை ஈ உட்கார்ந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது.

"நீங்கல்லாம் கண்ணாலயா எண்ணினீங்க அக்கா? அது ஒரு எடத்துல நிக்காதே! தப்பு வந்திருக்காதா?" என்று கேட்டாள்.

கண்ணால்தான் எண்ணினோம். பழகிவிட்டால் அது பெரிய காரியமில்லை. ஆனால் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தும் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெரிய தப்பு நடந்தது. அதைச் செய்தவள் நான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். சொந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது. முதல் பத்து வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவினேன், பாடம் செய்த தவளைகளுக்கு மருந்துத் தண்ணீர் மாற்றினேன், மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளினேன். அப்புறம் பத்மநாபன் சார் வீட்டு ஈக்களைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். "ஈ வளக்க ஒருத்தர் வேணும்" என்று அவர் கேட்டபோது எல்லாரும் மெல்ல நழுவினார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. ஈ உட்கார்ந்ததும் முன்னங்கால் இரண்டையும் தேய்க்கிறதே, எதற்காக? அதைச் சாரிடம் கேட்டேன்.

"அது காலால ருசி பாக்குதும்மா. காலு அழுக்கா இருந்தா ருசி தெரியாது. அதான் தொடைச்சுக்குது" என்றார். அன்றைக்கே அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன்.

அம்மாவால் நம்பவே முடியவில்லை. "ஈய வெரட்டத்தான் ஆளு வைப்பாங்க. வளக்கவா ஒனக்குச் சம்பளம்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு நான் கை கழுவுவதை நேரில் பார்த்த பின்புதான் சோறு போட்டாள்.

ஈ வளர்ப்பது சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. கோதுமைத் தவிட்டில் பால் பவுடரைக் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கிண்ணத்தில் வைக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. அதில் பெண் ஈ முட்டையிடும். ஒரு நாளில் புழு வரும். புழுக்கள் தின்னத் தின்னத் தவிடு சூடாகும், புளிப்பு வாடை அடிக்கும். அந்த வாடையை வைத்தே புழு என்ன பருவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சில நாளில் புழு உலர்ந்த இடம் தேடிப் போய்க் கூட்டுப்புழு ஆகும். பார்ப்பதற்குச் செம்பழுப்பு நெல்மணி போல இருக்கும். அதைப் பொறுக்கிக் கூண்டுக்குள் வைத்தால் அப்புறம் ஈதான்.

பத்மநாபன் சார் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நல்லது என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். என்ன முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்பார். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் முதல் மாதத்தில் இந்தக் கேள்விக்கு அழுவார்கள். எட்டாம் மாதத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

சுமதி அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தது நான் வேலையில் நன்றாக ஊறிய பிறகு. பேராவூரணிப் பெண், வீட்டில் தென்னந்தோப்பு. எந்த இலையின் எண்ணெய்க்கு ஈ விலகிப் போகும் என்பதே அவள் ஆராய்ச்சி. துளசி, திருநீற்றுப்பச்சை, வாசனைப்புல், ஓமம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நொச்சிக்கு வந்தாள். வாய்க்கால் கரையெல்லாம் நொச்சிதானே. நானும் அவளும் சாக்கை எடுத்துக்கொண்டு போய் ஒடித்து வருவோம். இலையைக் குடுவையில் போட்டு, நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிரவிட்டால் தண்ணீரின் மேலே எண்ணெய் மிதக்கும். ஒரு சாக்கு இலைக்கு ஒரு கரண்டி கூடத் தேறாது. ஆனால் வாடை தலைமுடியில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள், "தலவலிக்கு ஆவி புடிச்சீங்களாக்கும்?" என்று விசாரிப்பார்கள்.

சோதனை இப்படி. கொசுவலை கட்டிய இரும்புக் கூண்டு. உள்ளே இரண்டு கண்ணாடித் தட்டு. இரண்டிலும் சர்க்கரைப் பாலில் நனைத்த தாள். ஒரு தாளில் எண்ணெயை அசிட்டோனில் கரைத்துச் சொட்டுவோம். மற்றதில் அசிட்டோனை மட்டும் சொட்டுவோம். அசிட்டோன் காற்றில் பறந்துபோகும் வரை பொறுத்திருந்துவிட்டு, காலையிலிருந்து பட்டினி போட்ட ஈக்களை உள்ளே விட வேண்டும். பிறகு அரை மணி நேரத்துக்கு, நிமிஷத்துக்கு ஒருமுறை, எந்தத் தட்டில் எத்தனை என்று கோடு போட்டு எண்ண வேண்டும். தட்டு வைப்பதும் எண்ணுவதும் என் வேலை. எண்ணெய்த் தட்டில் இத்தனை, வெறும் தட்டில் இத்தனை என்று நான் சொல்லச் சொல்ல, சுமதி தள்ளி உட்கார்ந்து எழுதிக்கொள்வாள்.

இதில் சார் போட்ட விதி ஒன்று உண்டு. எண்ணெய்த் தட்டை ஒருமுறை இடப்பக்கம் வைத்தால் மறுமுறை வலப்பக்கம் வைக்க வேண்டும். நான் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். நடுவில் எங்கள் ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அந்த அறையில் மேஜை குறுகல். ஒருநாள் இரண்டு தட்டையும் மாற்றி வைத்துவிட்டு எது எண்ணெய்த் தட்டு, எது வெறும் தட்டு என்று குழம்பி, காலை வேலை முழுவதும் வீணாயிற்று. இனிமேல் குழப்பமே வேண்டாம் என்று நானாக ஒரு முடிவு எடுத்தேன். எண்ணெய் எப்போதும் இடம், வெறும் தட்டு எப்போதும் வலம். யாரிடமும் சொல்லவில்லை. சுமதி நோட்டில் 'பக்கம் மாற்றப்பட்டது' என்று வழக்கம்போல எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்த அறையில்தான் நொச்சியைச் சோதித்தோம். முடிவைப் பார்த்து அசந்துபோனோம். ஈயெல்லாம் வெறும் தட்டில் மொய்க்கிறது, எண்ணெய்ப் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. சார் கேட்டார், "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" சுமதி பெருமையாக, "பாத்தோம் சார்" என்றாள். கல்லூரி விழாவுக்கு வந்த நிருபர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, ஈயை விரட்டும் நொச்சி என்று பேப்பரில் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு பெண்மணி அந்தப் பேப்பர் துண்டோடு ஆய்வகத்துக்கு வந்தார். பெயர் பானுமதி. பேராவூரணி போகிற வழியில் ஓர் ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைப்பவர்.

"என் சமையக்கட்டுல வந்து பாருங்க சார், ஒரு பருக்கை கீழ கெடக்காது. ஆனா ஈ மட்டும் அடங்க மாட்டேங்குது. சோத்தப் போட்டு நிமிர்றதுக்குள்ள தட்டே கறுத்துப் போவுது. ரெண்டு புள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. நான் சுத்தமில்லாதவள்னு ஊர்ல எழுதிக் குடுத்துட்டாங்க. விசாரிக்க வரப்போறாங்களாம். இந்த எண்ணெய் கொஞ்சம் குடுங்க சார்."

"நாங்க கூண்டுக்குள்ளதாம்மா பாத்திருக்கோம். வெளியில பாக்கல."

"கூண்டு ஈயும் ஈதானே சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார். "தெரியல. நல்ல கேள்வி. போய்ப் பாத்துட்டு வாங்க" என்று எங்களிடம் சொன்னார்.

நானும் சுமதியும் எண்ணெய்க் குப்பியோடு போனோம். பானுமதி சொன்னது உண்மை. சமையற்கூடம் துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி இருந்தது. பிள்ளைகள் சாப்பிடும் கொட்டகையில் தரையை எண்ணெய் கலந்த தண்ணீரால் துடைத்தோம். எண்ணெயில் நனைத்த துணிப் பட்டைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். மணி அடித்தது, பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், சோறு விழுந்தது. ஈ ஒரு சுற்று விலகியது. அப்புறம் வந்து உட்கார்ந்தது. சோற்றில் மட்டுமா? நாங்கள் கட்டிய துணியிலேயே உட்கார்ந்தது.

"மோந்து பாத்துட்டு ஒக்காருது பாருங்க" என்றார் பானுமதி. கேலி இல்லை, வருத்தம்தான். மீதி எண்ணெயை வாங்கிப் பத்திரமாக மாடத்தில் வைத்தார். "தெனமும் தொடைக்கிறேன். பழகப் பழகப் போவுமோ என்னமோ" என்றார்.

திரும்பி பஸ் ஏறினோம். சுமதி, "வெளியில காத்து இருக்குக்கா. வாடை நிக்கல. அதான்" என்றாள். இருக்கலாம். ஆனால் என் மனம் வேறொன்றில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகைக்கு ஒரே ஒரு வாசல். வாசலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் தட்டில்தான் ஈ அப்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டு மூலையில் இருந்த பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே எண்ணெய்.

எங்கள் புது அறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? வலப்பக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுமதி வரவில்லை. கூண்டில் இரண்டு வெறும் தட்டு வைத்தேன். எதிலும் எண்ணெய் இல்லை. ஈக்களை விட்டுவிட்டு எண்ணினேன். அவை வலப்பக்கம் போய் மொய்த்தன. இடப்பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவு. நொச்சிக்கு வந்த அதே கணக்கு. இன்னொரு முறை வைத்தேன், அதேதான். கூண்டை அப்படியே திருப்பி வைத்தேன். ஈக்கள் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தே போயின.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் எனக்கு எதுவும் ஓடவில்லை. பட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் சுமதிக்கு விரிவுரையாளர் வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நான் வாயை மூடிக்கொண்டால் அவள் பட்டம் வாங்கிப் போய்விடுவாள். பேராவூரணிப் பக்கம் ஒரு சமையற்காரர் மட்டும் தினமும் எண்ணெயால் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை சார் அறைக்குப் போனேன். சுமதியும் இருந்தாள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நாந்தான் பண்ணேன். பக்கம் மாத்தி வைக்கிறத நான் நிறுத்திட்டேன் சார்."

"எப்பலேர்ந்து?"

"ரூம் மாறினதுலேர்ந்து."

சுமதி எழுந்தேவிட்டாள். "என்னக்கா சொல்றீங்க? நோட்டு பூரா நான் மாத்தினதாத்தானே எழுதியிருக்கேன்?"

"நான் ஒங்கிட்ட சொல்லலம்மா." எண்ணெய் இல்லாமல் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்த வழக்கமான கேள்வியையும் கேட்கவில்லை. "வாங்க, பாக்கலாம்" என்று எழுந்து வந்தார். கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வெறும் தட்டு வைக்கச் சொன்னார். அரை மணி நேரம் அவரே எண்ணினார், அவரே கோடு போட்டார். பிறகு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த ரூமுக்கு வந்து ஒருநாள் கூட நான் கூண்டு முன்னாடி ஒக்காரல. முடிவு நல்லா இருந்துச்சு, அதனால வந்து பாக்கத் தோணல. நல்லா இல்லாட்டி வந்திருப்பேன்" என்றார். அப்புறம் சுமதியைப் பார்த்து, "இது ஒங்க தப்பு இல்ல. ஆனா இத வச்சுக் குடுக்க முடியாது. முதல்லேர்ந்து பண்ணணும்" என்றார்.

சுமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டை எடுத்து, 'மாற்றப்பட்டது' என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் அடித்தாள். அது முடிய அன்று சாயங்காலம் ஆயிற்று. ஜூன் வந்தது, பட்டுக்கோட்டை வேலை வேறொருவருக்குப் போனது. அதன் பிறகும் என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான். சார் பேப்பருக்குத் திருத்தம் எழுதிப் போட்டார். அது வெளிவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கூண்டைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, நேர் மேலே ஒரு விளக்குப் போட்டு, சீட்டுக் குலுக்கிப் பக்கம் தீர்மானித்து மறுபடியும் சோதனை செய்தோம். நொச்சிக்குச் சக்தி இல்லாமல் இல்லை. ஈ வந்து உட்காரும், சூடு பட்டது போலக் காலைத் தூக்கும், பறந்துவிடும். பசித்த ஈ என்றால் பத்து நிமிஷத்தில் திரும்பி வரும். அவ்வளவுதான் அதன் சக்தி.

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லணும் சார். இன்னும் தொடைச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

"நானும் வர்றேன்" என்றார் சார். சுமதியும் கூட வந்தாள்.

அன்றைக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. முன்வாசலில் சேறு, அதனால் இந்த முறை பள்ளிக்கூடத்துப் பின்பக்க வழியாக உள்ளே போனோம். சமையற்கூடத்துச் சுவரைத் தாண்டும்போது நான் நின்றுவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. என் வளர்ப்பு அறையில் மூன்றாம் நாள் தவிட்டுக் கிண்ணத்தைத் திறந்தால் வரும் புளிப்பு வாடை.

"பானுமதிம்மா, இங்க என்ன இருக்கு?"

"கஞ்சி வடிக்கிற குழிங்க. காய்த் தோலும் அதுலதான் போடுவேன். தொறந்து கெடந்தா அசிங்கமா இருக்கும்னு மட்டையப் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்."

தென்னை மட்டையைச் சுமதி ஒரு நுனியில் பிடிக்க, நான் மறுநுனியைப் பிடித்துத் தூக்கினேன். அடியில் குழியின் ஓரம் முழுவதும் வெள்ளையாக நெளிந்தது. காய்ந்த மேட்டில் செம்பழுப்புக் கூட்டுப்புழுக்கள், நெல் கொட்டி வைத்த மாதிரி. மட்டை வெயிலை மறைத்து, சூட்டைப் பிடித்து, ஈரத்தையும் காத்திருக்கிறது. அளந்து வைத்தாலும் அவ்வளவு பக்குவமாக எனக்கு வராது.

பானுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "அப்ப ஊர்ல சொன்னது நெசந்தானா? நாந்தான் ஈ வளத்துக்கிட்டு இருந்தேனா?"

"நானும் இத்தன வருஷமா அதத்தாம்மா பண்றேன்" என்றேன். "எனக்கு அதுக்குச் சம்பளமே குடுக்கிறாங்க."

அழுகையோடேயே சிரித்துவிட்டார். சார் அதற்குள் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தி, "சுமதி, ஈ சாப்புட வர்றத நம்ம எண்ணெய் தடுக்கல. முட்டை போட வர்றத தடுக்குமா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் சுமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. "அக்கா, நாளைக்குத் தவிட்டுக் கிண்ணம் எட்டு வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் கிண்ணம் எங்கங்கிறத நான்தான் சீட்டுப் போடுவேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அது போதும்.

எண்ணெய் கலந்த தவிட்டில் இரண்டு நாள் முட்டையே இல்லை. துள்ளிக் குதித்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கொத்துக் கொத்தாக முட்டை. வாடை போனதும் ஈ வந்துவிட்டது. அப்புறம் சார் ஏழாவது கிண்ணத்திலும் எட்டாவது கிண்ணத்திலும் எண்ணெய்க்குப் பதில் வெறும் அடுப்புச் சாம்பலைத் தூவிக் காயவிடச் சொன்னார். காய்ந்திருந்த வரை ஒரு முட்டைகூட விழவில்லை.

பானுமதியின் பள்ளிக்கூடத்தில் குழியை மண்ணும் சாம்பலும் போட்டு மூடினோம். கஞ்சித் தண்ணீர் தேங்காமல் வாழைக் கொல்லைக்கு ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார்கள். காய்த் தோலை அன்றன்றைக்கே மாட்டுக்குக் கொடுத்துவிட ஏற்பாடு ஆயிற்று. மழை நாளில் சாம்பல் நனையும்போது மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை நொச்சி எண்ணெய். மூன்று வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. விசாரிக்க வந்த அதிகாரி குழி இருந்த இடத்தையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு, குறை எதுவும் எழுதாமல் போனார். பானுமதி வேலையில் நீடித்தார்.

சுமதி ஒரு வருஷம் தாமதமாக ஆய்வேட்டைக் கொடுத்தாள். ஜன்னலால் வந்த பிழையை அதில் ஒரு அத்தியாயமாகவே எழுதினாள். என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் போட்டாள். இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

அவள் பட்டம் வாங்கிய வாரம் எங்கள் மூவரையும் பானுமதி சாப்பிடக் கூப்பிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு அதே கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தோம். வாசலோரம் நான், நடுவில் சார், இருட்டு மூலையில் சுமதி. சோறும் சாம்பாரும் போட்டு முட்டையும் வைத்தார். எங்கிருந்தோ ஒரே ஒரு ஈ வந்தது. வெளிச்சத்தில் இருந்த என் தட்டைத் தாண்டி, சார் தட்டையும் தாண்டி, நேராக மூலைக்குப் போய்ச் சுமதியின் தட்டு விளிம்பில் உட்கார்ந்தது.

மூவரும் கையைச் சோற்றில் வைத்தபடி அதையே பார்த்தோம். அது சாவகாசமாக முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டது.

"அது ஏன் அங்க போச்சு?" என்றார் சார்.

"முட்டை வாடையா இருக்குமோ?" என்றாள் சுமதி.

"எல்லா தட்டுலயும்தான் முட்டை இருக்கு" என்றேன் நான்.

பானுமதி கரண்டியோடு வந்து நின்று எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "சாப்புடுங்க சார், ஆறிப்போவுது" என்றார். ஆனால் ஈயை அவரும் விரட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுமதி பக்கத்தில் குனிந்து, அது அடுத்து எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினார்.